வளைவு கட்ட ஒரு கதவு

கோபன்ஹேகனில் ஹோட்டல் தேடும் வேலையை அப்பா என்னிடம்தான் கொடுத்தார், வில்மாவிடம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"நீ எப்படியும் வீட்லதானே இருக்கே, அஸ்தா," என்றார். எங்கள் ஊர் லெம்விக்கின் துறைமுகத்துப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். விரலிடுக்கில் எஞ்சின் எண்ணெய் இன்னும் போகவில்லை. "அங்க மத்தியானம்தான் கப்பல் ஏறணும். முந்தின ராத்திரி தங்க ஒரு இடம் வேணும். கப்பலுக்குப் பக்கமா இருக்கட்டும். காலையில காபி சீக்கிரம் கிடைக்கணும். அவ்வளவுதான்."

"ஜன்னல் திறக்கணும்," என்றாள் அம்மா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"ஜன்னல் திறக்கணும்," என்று அப்பா அதை எனக்குத் திருப்பிச் சொன்னார், எனக்குக் காது கேட்காதது போல.

நான் பள்ளியை விட்டு நின்று ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கடைசியில் போவதையே விட்டுவிட்டேன். அதன் பிறகு துணி உலர்த்துவதையும் நாயை நடத்திக்கொண்டு போவதையும் தவிர யாரும் என்னிடம் எதையும் ஒப்படைத்ததில்லை. குழாய் ஒழுகினாலும் வரிக் கடிதம் வந்தாலும் வீட்டில் ஒரே பேச்சுதான்: "வில்மாகிட்ட கேளு." வில்மா என் அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவள். கோபன்ஹேகனில் கட்டடக்கலை படிக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்ல வரும்.

கப்பல் பயணம் அம்மாவுக்கு அப்பாவின் பரிசு. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், நார்வேக்குப் போய்வரலாம் என்று தானே போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். ஆனால் நாள்காட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை. கப்பல் கிளம்பும் நாள்தான் கல்யாண நாள். அன்று காலை அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளி விழா அன்று விடியும்போது, தம்பதி எழுவதற்கு முன், அக்கம்பக்கத்தார் சத்தமில்லாமல் வந்து வாசலில் ஊசியிலைக் கிளைகளால் ஒரு வளைவு கட்டுவார்கள். நடுவில் வெள்ளித்தாளில் வெட்டிய 25. பிறகு எல்லோரும் நின்று பாடுவார்கள். கணவனும் மனைவியும் படுக்கை உடையிலேயே கதவைத் திறந்து, ஒன்றும் தெரியாதவர்கள் போல ஆச்சரியப்பட வேண்டும். பாடியவர்களுக்கெல்லாம் ரொட்டியும் காபியும், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் கசப்பு மதுவும் தர வேண்டும்.

"தப்பிச்சோம்டா சாமி," என்றார் அப்பா, தேதி விஷயம் தெரிந்ததும். "நான் பாட்டுக்கு ஜட்டியோட நிக்க, நாப்பது பேரு என்னைப் பாத்துப் பாடறது. அது ஒண்ணு மிச்சம்."

அம்மாவும் கூடவே சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். நான் பார்த்தேன்.

அம்மா எத்தனையோ வாசல்களில் வளைவு கட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து காலணியைக் கழற்றும்போது ஏதாவது சொல்வாள். போன இலையுதிர் காலத்தில் மருந்துக்கடைக்காரர் வீட்டு விழாவுக்குப் போய்வந்து, "கிளையெல்லாம் ஒரே ஒல்லி. நடுவுல ஆகாசம் தெரியுது," என்றாள். அந்த வளைவைக் கட்டியதில் பாதி அவள்தான். ஆகாசம் தெரியும்படி வேண்டுமென்றே கட்டினாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பொறாமை என் ஒருத்தியிடம் மட்டும் வந்து சேர்ந்ததல்ல.

எங்கள் நடைவழியில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருடம் ஆனபோது எடுத்தது. அதைச் செம்பு விழா என்போம். அதற்குப் பாதி வளைவுதான் கட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் கிளை ஏறி, கதவின் உச்சியில் சட்டென்று நின்றுவிடும். மீதிப் பாதி வெள்ளி விழாவுக்கு. படத்தில் அந்தப் பாதி வளைவின் கீழே அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள், முன்னால் பல் தெரியச் சிரித்தபடி வில்மா. நானும் இருக்கிறேன். கிளைக்குப் பின்னால் ஒரு சிவப்பு ரப்பர் பூட்ஸ் தெரிகிறதே, அது நான்.

அம்மாவுக்கு மீதிப் பாதி கிடைக்க வேண்டும். அதை நான் கிடைக்கச் செய்ய வேண்டும். ஹோட்டல் தேட உட்கார்ந்த அன்றே இதை முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே அப்பா கேட்ட காபியும் அம்மா கேட்ட ஜன்னலும் எனக்குப் பெரிய விஷயமில்லை. எனக்கு வேண்டியது ஒரு கதவு. வளைவு கட்ட விடும் கதவு. அதிகாலையில் அதன் முன்னால் நின்று பாடினால் போலீசைக் கூப்பிடாத ஹோட்டல். எழுதிக் கேட்டேன். ஒரு ஹோட்டல், தீ விதிகளின்படி நடைவழியில் செடிகொடிகள் கூடாது என்றது. இன்னொன்று பிறந்தநாள் கேக் வேண்டுமா என்று கேட்டது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்தில் இருந்த யாகோப்சன் ஹோட்டல் மட்டும் ஒரே வரியில் பதில் போட்டது: இதையெல்லாம் எழுத முடியாது, கூப்பிடுங்கள்.

கூப்பிடுவதா!

முதல் தடவை ஒரு கரகரத்த பெண் குரல் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டு மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தேன். அதற்கடுத்த தடவை அந்தக் குரலே முந்திக்கொண்டது.

"மூச்சு விடறது யாருன்னு தெரியல. நான் இங்கதான் இருக்கேன், அவசரமில்ல. துண்டு மடிச்சிட்டிருக்கேன்."

துண்டை உதறும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது எப்படியோ வாய் திறந்துகொண்டது.

"வளைவு," என்றேன்.

"ஓ, எழுதினது நீதானா. வெள்ளி விழா யாருக்கு?"

"அம்மாவுக்கு." பிறகு, "அப்பாவுக்கும்."

அந்தம்மா இருமல் போலச் சிரித்தாள். "கீழ்த்தளத்துல ஒரு அறை இருக்கு. கதவு நேரா முற்றத்துல திறக்கும். ரெண்டு பக்கமும் கொக்கி கூட இருக்கு, என் வெள்ளி விழாவுக்கு அடிச்சது. புருஷன் வேற ஒருத்தியோட போய்ட்டான். கொக்கி போகல. எத்தனை மணிக்குப் பாடுவீங்க?"

"ஆறு?"

"ஆறரைன்னு வச்சுக்க. மத்த விருந்தாளிங்ககிட்ட நான் சொல்லிடறேன். எழுந்து வந்து அவங்களும் பாடட்டும்."

தொலைபேசியை வைத்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைவரை ஓடினேன்.

பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறைக்கு வில்மா வீட்டுக்கு வந்தாள். புது முடிவெட்டு. காதுவரை வெட்டியிருந்தாள். நான் வெட்டியிருந்தால் நோயாளி மாதிரி இருப்பேன். அவளுக்கு அழகாக இருந்தது.

"கப்பலுக்கு முந்தின நாள் எங்க தங்கறீங்க?" என்று கேட்டாள், காபி மேசையில்.

"அஸ்தா பாத்து வச்சிருக்கா," என்றார் அப்பா. எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை எடுத்து வந்து காட்டினேன்.

வில்மா குனிந்து பார்த்தாள். "இதுவா? அஸ்தா, பல்செட்டு விக்கறவங்க தங்கற இடம் மாதிரி இருக்குடி. விளக்குக்குக் குஞ்சம் தொங்குது பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வில்மாவிடம் இதுதான் தொல்லை. அவள் பேசினால் முதலில் சிரிப்பு வந்துவிடும், நம்மைத்தான் சொன்னாள் என்பது பிறகுதான் உறைக்கும்.

"அதுவும் அங்கேருந்து கப்பலுக்கு டாக்ஸி பிடிக்கணும்பா. நீங்க நினைக்கிற பழைய துறை இல்ல. பெரிய கப்பலெல்லாம் இப்ப வடக்கே தள்ளி நிக்குது." கைபேசியில் கட்டைவிரலை இரண்டு தடவை தள்ளினாள். "இத பாருங்க. துறைக்கு எதிர்லயே இருக்கு. படுக்கையில படுத்துக்கிட்டே கப்பல் தெரியும்."

"படுத்துக்கிட்டேவா?" என்றாள் அம்மா. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

முழுக்கக் கண்ணாடியாலான கட்டடம். வெள்ளைப் படுக்கை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல், யாரோ கொண்டுவந்து மாட்டிய படம் போல.

"ஜன்னல் திறக்குமா?" என்று கேட்டேன்.

"ஏழாவது மாடி, எதுக்குத் திறக்கணும்? குதிக்கவா?"

"அம்மா கேட்டாளே."

"அது பரவால்ல," என்றாள் அம்மா, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பரவாயில்லையாம்! நான் எத்தனை ஜன்னல்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கைப்பிடி இருக்கிறதா என்று தேடியிருப்பேன்!

"மோசமில்ல," என்றார் அப்பா.

எங்கள் பக்கத்து ஆண்கள் ஒன்றைப் பாராட்டுவதற்கு அதைவிடப் பெரிய சொல் கிடையாது. என் ஹோட்டலைக் காட்டியபோது "சரி" என்றுதான் சொல்லியிருந்தார்.

வில்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் முகம் அப்படிப் போகுது? அந்த இடத்துல அப்படி என்னதான் விசேஷம்? சொல்லு, கேக்கறோம்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வளைவைப் பற்றித் தம்பதிக்குத் தெரியக் கூடாது. சொன்ன நிமிடமே அது செத்துவிடும். எனக்கு வகுப்பில் நிற்பது போலவே இருந்தது.

"காபி நல்லா இருக்குமாம்," என்றேன்.

அப்பா சிரித்தார். அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்து, "உன்னுதும் நல்லாத்தாண்டா இருந்துச்சு," என்றாள். அது எல்லாவற்றையும்விட மோசம். வில்மா அங்கேயே தன் பெயரில் அந்தக் கண்ணாடி ஹோட்டலைப் பதிவு செய்துவிட்டாள். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று மாலை என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"இல்ல."

"ஏதோ இருக்கு. என்கிட்ட சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். இருவரும் தனியாகத்தான் இருந்தோம். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் நிற்க, "அய்யோ, எவ்வளவு நல்ல யோசனை!" என்பாள். அரைமணியில் நாலு பேரிடம் பேசி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவாள், என்னைவிட நன்றாக. சின்ன வயதில் கரை ஒதுங்கிய ஒரு கடல்நாய்க் குட்டியை நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் வில்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ராத்திரி சாப்பாட்டுக்குள் அது வில்மாவின் கடல்நாய் ஆகிவிட்டது. இன்றைக்கும் வீட்டில் அதற்கு அதே பெயர்தான்.

"ஒண்ணுமில்ல. தலைவலி," என்றேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் போடிலிடம் போனேன். எங்கள் தெருவில் வளைவு என்றால் போடில்தான். யாருக்கு எப்போது எத்தனை வருடம் ஆகிறது என்பது அவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஹோட்டல் மாறிப்போனதைச் சொன்னேன்.

"அதனால என்ன? கதவு கதவுதானே," என்றாள். "கொக்கி இல்லேன்னா ஸ்வென் தானா நிக்கற மாதிரி கால் வச்சுச் செய்வார். என்னங்க, செய்வீங்கல்ல?"

தோட்டத்திலிருந்து அவள் கணவர் ஏதோ முனகினார்.

"செய்வாராம். அந்த ஹோட்டல்ல யாருகிட்டயாவது சொல்லி வச்சிருக்கியா?"

படங்களில் வரவேற்பு மேசை ஒன்றைப் பார்த்திருந்தேன். அதன் மேல் ஒரு ஆர்கிட் தொட்டி. மேசை இருந்தால் பின்னால் ஆள் இருக்கும் என்று நினைத்தேன். நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றேன்.

"நாங்க எங்க தூங்கறது?"

அது மட்டும் என்னிடம் தயாராக இருந்தது. யாகோப்சன் ஹோட்டலை நான் ரத்து செய்யவில்லை. மறுபடி கூப்பிட்டு, அறைகளைக் கூட்டியிருந்தேன்.

அம்மாவும் அப்பாவும் ரயிலில் கிளம்பிப் போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கையசைத்தேன். ரயில் திருப்பத்தில் மறைந்ததும் ஸ்வென்னின் வேனில் ஏறினேன். பின்னால் மூன்று துண்டாகக் கழற்றிய வளைவு. வழியெல்லாம் ஊசியிலை வாசனை. தெருவிலிருந்து இன்னொரு காரும் பின்னால் வந்தது. கிளைகளை நானே பொறுக்கிக் கட்டியிருந்தேன். ஆகாசம் தெரியாத மாதிரி.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண்ணாடி ஹோட்டலுக்குள் நுழைந்தோம். கதவு தானாகத் திறந்தது. மேசை இருந்தது. ஆர்கிட் இருந்தது. ஆள் இல்லை. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை, 'வருக! உங்கள் பதிவு எண்ணைச் சொல்லுங்கள்' என்றது.

போடில் அதன் முன்னால் போய் நின்று, "காலை வணக்கம். நாங்க லெம்விக்லேருந்து வர்றோம்," என்றாள்.

திரை யோசித்தது. புரியவில்லை என்றது.

"லெம்விக்," என்றாள் போடில், இன்னும் சத்தமாக.

"அது மெஷின், போடில்," என்றார் ஸ்வென், தோளில் வளைவின் பாதியைத் தாங்கிக்கொண்டு.

"மெஷினுக்கும் காது இருக்குல்ல?"

லிஃப்டின் பொத்தான் எரியவே இல்லை. விருந்தாளியின் கைபேசியைக் காட்டினால்தான் நகருமாம். மாடிப்படிக் கதவும் பூட்டியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தினமும் ஆறரைக்கு எழுவார். எழுந்து காபி தேடிக் கீழே வந்து, லிஃப்ட் திறந்து, அங்கே நாங்கள் திரையோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எல்லாம் முடிந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை பாதி வளைவுதான்.

அந்த அறை ஒருத்தி பெயரில் இருந்தது. சாவி அவள் கைபேசியிலும் இருந்தது.

நான் ஆர்கிட் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பொண்ணே, ஏதாவது செய்யி. கிளை வாடுது," என்றாள் போடில். வில்மாவைக் கூப்பிட்டேன்.

"அஸ்தாவா? யாருக்கு என்னாச்சு?"

"கீழ நிக்கறேன். வளைவோட. லிஃப்ட் வரல."

அங்கே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "பத்து நிமிஷம்," என்றாள்.

சைக்கிளில் வந்தாள். படுக்கை உடைக்கு மேல் மழைக்கோட்டு, தலை கலைந்து, மூச்சிரைக்க. அப்படி வந்தும் அழகாகத்தான் இருந்தாள். எல்லோரையும் கட்டிக்கொண்டாள். கைபேசியைக் காட்டினாள். பொத்தான் உடனே எரிந்தது, அவளுக்காகவே காத்திருந்தது போல.

லிஃப்டில் இருவருக்கும் நடுவில் ஊசியிலை நெருக்கியது. "இதுக்குத்தானா அந்தக் குஞ்ச விளக்கு ஹோட்டல்?" என்று காதோரம் கேட்டாள். "ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"தலைவலின்னு சொன்னேனே."

கிளைகளுக்கு நடுவே அவள் கண் கலங்குவது தெரிந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கலங்குவதற்கு உரிமை எனக்குத்தான் இருந்தது.

ஏழாவது மாடி நடைவழியில் ஸ்வென் சத்தமில்லாமல் துண்டுகளைப் பொருத்தினார். அம்மா முந்தின இரவே கதவின் படத்தை எண்ணோடு எனக்கு அனுப்பியிருந்தாள், 'கண்ணாடி மாதிரி பளபளக்குது பாரு' என்று. அந்தப் பளபளக்கும் கதவைச் சுற்றி வளைவு நின்றது. முழு வளைவு. போடில் கையை உயர்த்த, எல்லோரும் பாட ஆரம்பித்தோம். நானும் பாடினேன். கூட்டத்தோடு பாடும்போது என் தொண்டை அடைப்பதில்லை.

கதவு திறந்தது. ஜட்டியோடு அப்பா. "அடப் பாவிங்களா!" என்றார். ஆச்சரியத்தை அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் அம்மா, போர்வையைச் சுற்றிக்கொண்டு. அவள் எங்களைப் பார்க்கவில்லை. வளைவைப் பார்த்தாள். கையை நீட்டிக் கிளைகளுக்குள் விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போயிற்று.

"அடர்த்தியா இருக்கு," என்றாள்.

பிறகு நேராக வில்மாவிடம் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "உன் வேலைதானே இது! அதுக்குத்தான் இந்த ஹோட்டலா? இப்படியெல்லாம் உனக்குத்தான் தோணும்!"

நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது கிளம்பி நெஞ்சுக்கு வந்து, தொண்டைக்கு வந்து—

"நான் இல்லம்மா," என்றாள் வில்மா. "எல்லாம் அஸ்தா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அம்மா திரும்பி என்னைப் பிடித்து இறுக்கிக்கொண்டாள். போர்வை நழுவியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஆசைப்பட்டது அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் அதை எடுத்துக் கொடுத்தது வில்மாவின் கை. அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். வில்மா வளைவின் உச்சியிலிருந்த வெள்ளி 25-ஐ லேசாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். கோணலாக இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அவள் திருப்பிய பிறகு நன்றாகத்தான் இருந்தது.

பாடியவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே. இரண்டாவது மாடியின் உணவுக்கூடத்திலும் ஒரு திரை நின்று ஆளுக்கொரு எண் கேட்டது. போடில் அதைப் பார்த்த பார்வையில் அது உடைந்திருக்க வேண்டும்.

"நாங்க தங்கின இடத்துக்குப் போலாம் வாங்க," என்றாள். "அங்க மனுஷங்க இருக்காங்க."

அந்தக் கரகரத்த குரல்காரி, யாகோப்சன் அம்மா, காலை உணவுக்கு முற்றத்தில் நீள மேசை போட்டு வைத்திருந்தாள். சூடான உருண்டை ரொட்டி, பாலாடைக்கட்டி, கூஜாவில் காபி, சின்னக் கிண்ணங்களில் கசப்பு மது. ஸ்வென் வேனிலிருந்து வளைவை இறக்கிக் கீழ்த்தளத்து அறை வாசலுக்குக் கொண்டுபோனார். பழைய கொக்கிகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் கீழே அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்தார்கள். அறையின் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உள்ளே குஞ்சம் வைத்த விளக்கு காற்றில் ஆடியது.

அப்பா காபியை ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"மோசமில்ல," என்றார்.

அம்மா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். கொக்கிகளை, ஜன்னலை, தலைக்கு மேலிருந்த கிளைகளை. "எவ்வளவு நல்லா இருக்கு இந்த இடம்," என்றாள். "இதை யாரு கண்டுபிடிச்சது?"

எதிரில் வில்மா ரொட்டித் துண்டைக் கையில் பிடித்திருந்தாள். அவள் தலை நிமிர்ந்தது. முகம் மலர்ந்தது. வாய் திறந்தது.

"நான்," என்றேன்.

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஓரத்து மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். வில்மா திறந்த வாய்க்குள் ரொட்டியை வைத்துக்கொண்டாள்.